சொல்லே நடுகல்

(தேனியில் நடைபெற்ற ஓராண்டு நினைவேந்தலில் தமிழாசிரியர் ஒருவர் தம் துணைவியாரை நினைந்து ஆற்றிய உரை)



என் துணைவியார் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகின்றது. எள்ளும் நீரும் இறைத்து, பொருள் விளங்கா வடமொழி ஓதலைக் கேட்டுக் கலைவதினும், அவரை அறிந்தோர் கூடித் தாய்மொழியில் நினைதலே அவருக்குச் செய்யும் சிறப்பென்று நம் இயக்கத்தார் கூறினர். அவ்வுரையை நானே ஆற்றுதல் வேண்டும் எனவும் பணித்தனர். முப்பதாண்டு வகுப்பறையில் நடுங்காத கால்கள் இன்று நடுங்குகின்றன. பொறுத்தருள்க.

நினைவேந்தல் நமக்குப் புதியதன்று. இம்மாவட்டத்து ஆண்டிப்பட்டி வட்டத்தில், வையைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றனைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006-ஆம் ஆண்டு கண்டெடுத்தனர். அவை 2,000 ஆண்டுகட்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோட் பூசலில் பட்ட அந்தவன் என்பானுக்கு எடுத்தது. நினைவை எழுத்தில் பொறித்துக் காக்கும் வழக்கத்தின் மிகப் பழஞ்சான்றுகளுள் ஒன்று நம் மண்ணில் கிடைத்தது என்பது நமக்குப் பெருமையே.

பெண்ணுக்குக் கல் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூர்க்கு மேலே மலைமுகட்டில் கண்ணகி கோட்டம் நிற்கின்றது. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் தேடிக் கண்டு நாட்டுக்கு உரைத்த கோட்டம் அது. சித்திரை முழுநிலா நாளில் மக்கள் இன்றும் மலையேறி வழிபடுகின்றனர்.

ஆநிரை கவர்ந்த பூசலில் வீழ்ந்தானுக்குக் கல் உண்டு. அரசனிடம் முறை கேட்டு வென்றாளுக்குக் கோட்டம் உண்டு. அடுப்பங்கரையிலும் நோய்ப்படுக்கையிலும் போராடி வீழ்ந்த பெண்ணுக்கு எக்கல்லும் இல்லை. அவளுக்கு நாம் நடக்கூடிய கல் எது? இவ்வினாவோடுதான் இவ்வோராண்டும் வாழ்ந்தேன்.

என் துணைவியார் பெரும்படிப்புப் படித்தவர் அல்லர். நல்ல தமிழ் பேசுபவர். ஆயினும் 'காப்பி' என்பதை மட்டும் விடவில்லை. "குளம்பி என்று சொல்" என்பேன் நான். "மாட்டுக் குளம்பையா குடிக்கிறீர்கள்?" என்று நகைப்பார் அவர். முப்பதாண்டுகள் எங்கள் காலைப்பொழுது இவ்வாறே விடிந்தது.

பின்னர் ஒருநாள் அவர் சொற்களில் தடுமாற்றம் தோன்றியது. கரண்டியைக் காட்டி 'அது' என்றார். பெயரனை மகன் பெயரால் அழைத்தார். கவனக்குறைவு என்று கடிந்துகொண்டேன். தமிழாசிரியன் மனைவி தமிழை மறக்கலாமா என்றும் கேட்டேன். விடியற்காலையில் தலைவலியும் வாயாலெடுத்தலும் வந்தன; பித்தம் என்றனர், சுக்குக் கொடுத்தோம். இரண்டு திங்கள் இவ்வாறே கழிந்தன. ஒருநாள் வலிப்புற்று விழுந்தார். கையில் இரும்புச் சாவியைத் திணிக்க நாற்புறமும் ஓடினோம். அதன் பின்னரே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம்.

காந்தப் படத்தில் மூளையின் இடப்பக்கம் கட்டி தெரிந்தது. அதற்குக் கிளையோபிளாசுடோமா என்று மருத்துவர் பெயர் கூறினார். நரம்பணுக்களைத் தாங்கிநிற்கும் துணையணுக்களில் தோன்றும் கொடிய புற்று அது. பேச்சுக்குரிய இடம் பெரும்பாலோர்க்கு மூளையின் இடப்பக்கம் உள்ளது. பிரஞ்சு மருத்துவர் புரோக்கா 1860-களிலேயே இதற்குச் சான்று காட்டினார். என் துணைவியார் மறக்கவில்லை. அவர் சொற்களை நோய் தின்றுகொண்டிருந்தது. அதையறியாது நான் இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

அறுவை நடந்தது, கதிர்வீச்சும் மருந்தும் தொடர்ந்தன. இந்நோய்க்கு அறுவைக்குப்பின் கதிர்வீச்சோடு தெமோசோலோமைடு என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், உயிர்வாழும் இடைநிலைக் காலம் ஏறத்தாழ 12 திங்களிலிருந்து 15 திங்களுக்கு நெருங்குகிறது என்று 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. உலகத்தார் முயன்று பெற்ற வெற்றி அம்மூன்று திங்களே. முன்னரே சென்றிருப்பின் அவர் பிழைத்திருப்பார் என்று நான் கூறேன். ஆனால் அவ்விரண்டு திங்களும் அவரை நான் கடியாதிருந்திருக்கலாம். அவ்வொன்றே என்னை வாட்டுகின்றது.

இறுதியில் ஒரு காலைப்பொழுது. அவர் வெறுங்குவளையைக் காட்டினார். சொல் வரவில்லை, உதடு அசைந்தது, கண்ணீர் வழிந்தது. அவர் கையைப் பற்றிக்கொண்டு, "காப்பி என்றாவது சொல்லம்மா" என்று கெஞ்சினேன். அதுவும் வரவில்லை. தூய தமிழ்க்காகவே வாழ்நாளெல்லாம் வாதிட்ட என் செவி, ஓர் அயற்சொல்லைக் கேட்க அன்று ஏங்கிற்று.

தோழர்களே! இதனால் என் கொள்கை தளர்ந்ததென்று எண்ணற்க. ஒரு சொல்லை இழப்பது எத்துணைக் கொடுமை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஓர் இனமும் இவ்வாறே சிறிது சிறிதாகத் தன் பெயர்ச்சொற்களை இழக்கின்றது. அருகிலிருப்போர் அதனைக் கவனக்குறைவு என்றே கருதுகின்றனர். ஆதலின் சொற்காக்கும் பணி இன்னும் விரைந்து நடக்கவேண்டும். ஆனால் அது கடிந்துரைத்து நடவாது. பேசுவோரைத் திருத்துமுன் அவர் நெஞ்சைக் கேளுங்கள். அன்பில்லாத் திருத்தம் தமிழ்த்தொண்டு ஆகாது.

இனி, நடுகல் எது என்ற வினாவுக்கு வருவேன். திரு.வி.க. தம் முப்பத்தைந்தாம் அகவையில், 1918-இல், துணைவியார் கமலாம்பிகையை இழந்தார். மீண்டும் மணந்தாரில்லை. 1927-இல் 'பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை' என்னும் நூலை நாட்டுக்கு அளித்தார். மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்நினைவு அவரை விட்டு அகலவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஒருவர் துயர் நூலாயிற்று. மற்றவர் துயர் மருத்துவமனையாயிற்று. இரண்டும் நடுகற்களே.

எனக்கு மருத்துவமனை எழுப்பும் ஆற்றல் இல்லை. எனக்குள்ளது சொல். அதனையே நடுகின்றேன். கேளுங்கள்.

தலைவலியெல்லாம் மூளைக்கட்டியன்று, அஞ்சவேண்டா. ஆனால் புதிதாகத் தோன்றி நாள்தோறும் மிகுகின்ற தலைவலி, விடியலில் அதனோடு வரும் வாந்தி, முன்பில்லாத வலிப்பு, சொற்றடுமாற்றம், ஒருபுறக் கைகால் தளர்ச்சி, பார்வைக் குறைவு ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். நம் மாவட்டத்திலேயே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துக் கிடத்துங்கள். வாயிலும் கையிலும் எதனையும் திணியாதீர்கள். இந்நோய் பேயாலும் செய்வினையாலும் வருவதன்று, முற்பிறவித் தீவினையுமன்று, தொற்றுவதுமன்று. பெரும்பாலோர்க்கு இது வந்த கரணியத்தை மருத்துவரும் சுட்டிக்காட்ட இயலாது. ஆகவே நோயாளியையோ அவர் குடும்பத்தையோ பழித்தல் அறிவுடைமையன்று.

இன்னொன்று. மனைவியை இழந்த என் உடையை எவரும் மாற்றவில்லை. மங்கல விழாக்களினின்று எவரும் என்னை விலக்கவுமில்லை. நான் முந்திச் சென்றிருந்தால் அவர் பூவையும் பொட்டையும் பறித்திருப்பீர்கள். இவ்விழிவழக்கத்தை நம் வீடுகளில் ஒழித்தாலன்றி, நாம் பெண்மை போற்றுகிறோம் என்பது வெறும் பேச்சே.

ஆண்டுதோறும் இந்நாளில், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என இப்பள்ளத்தாக்கின் ஊர் ஒன்றில் நின்று, இச்செய்தியை எளிய தமிழில் உரைப்பேன். இதைக் கேட்டு ஒருவரேனும் தம் மனைவியின் தடுமாற்றத்தைக் கடியாமல் அவர் கையைப் பற்றி மருத்துவரிடம் அழைத்துச் சென்றால், அதுவே அவர்க்கு நான் நட்ட கல்.

கூட்டம் முடிந்ததும் பின்புறத்தில் சுடச்சுடக் குளம்பி வைத்துள்ளோம். காப்பி என்று கேட்டாலும் கொடுப்பார்கள். அவர் இருந்தால் அதைத்தான் விரும்புவார்.

வாழ்க தமிழ்! வாழ்க அவர் நினைவு!