தமிழ் தெரியாத தமிழ்ப்பட டைரக்டர்

(தனுஷ்கோடியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



காலையில் பஸ்ஸில் மூன்றாமாண்டுத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, எனக்கு இங்கிலீஷும் வராது, இந்தியும் வராது. வெளியூர்ல வேலை கிடைச்சா சமாளிக்க முடியுமா?" அவருக்குப் பதிலாக ஓர் அமெரிக்கரின் கதையைச் சொல்கிறேன்.

எல்லிஸ் ஆர். டங்கன், 1909இல் ஒஹையோவில் பிறந்தவர். கலிபோர்னியாவில் சினிமா படித்தார். கூடப் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935இல் இந்தியா வந்தார். டாண்டன் தனக்கு வந்த படம் ஒன்றை நண்பருக்குக் கைமாற்றி விட்டார். அதுதான் 1936இல் வந்த 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆருக்கு அது முதல் படம், சின்ன இன்ஸ்பெக்டர் வேஷம். கதாநாயகன் கொலை செய்துவிட்டதாகப் பயந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடுவான். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குப் போனவர்கள் மண்டபம் முகாமில் தங்கி, நாம் உட்கார்ந்திருக்கிற இதே தனுஷ்கோடியில்தான் தலைமன்னாருக்குக் கப்பலேறினார்கள்.

டங்கனுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல உதவியாளர்களை வைத்துக்கொண்டு வேலை வாங்கினார். நானும் வடக்கே ஒரு சைட்டில் சேர்ந்தபோது டிராயிங்கை விரித்து, விரலால் காட்டியே ஆறு மாதம் ஓட்டினேன்! அப்போதைய படங்கள் மேடை நாடகத்தை அப்படியே பிடித்த மாதிரி இருக்கும். இவர் கேமராவை நகர்த்தினார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1945இல் வந்த 'மீரா' விஷயம். எம்.எஸ். அம்மாவின் முகத்தைப் பிளாஸ்டரில் மார்பளவுச் சிலையாகச் செய்ய வைத்தார். கேமராமேன் ஜிதன் பானர்ஜியும் அவரும் லைட்டை இப்படியும் அப்படியும் மாற்றி, எந்தக் கோணத்தில் நிழல் எப்படி விழுகிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டார்கள். நம்ம பாஷையில் மாடல் டெஸ்டிங். அதற்கு எந்த மொழியும் வேண்டியதில்லை.

1950இல் 'பொன்முடி'யில் காதல் காட்சிகள் அத்துமீறின என்று திட்டும் வாங்கினார். அதே வருஷம் கலைஞர் வசனமெழுதிய 'மந்திரி குமாரி'யை முடிக்காமலே ஊருக்குக் கிளம்ப, மீதியை டி.ஆர். சுந்தரம் எடுத்தார்.

அப்புறம் 1952இல் 'தி ஜங்கிள்'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்க லிப்பர்ட்டும் சேர்ந்து எடுத்த சிக்கனப் படம். டைரக்டர் வில்லியம் பெர்க், டங்கன் தயாரிப்பில். மாமூத் வேண்டுமே? நம்மூர் யானைக்கு ரோமத்தை ஒட்டிவிட்டார்கள். பாவம், யானைக்கு எப்படிப் புழுங்கியிருக்கும்!

பிறகு மேற்கு வர்ஜீனியாவில் டாக்குமெண்டரிகள் எடுத்தார். 2001இல் காலமானார்.

'மீரா' இப்போதும் பார்க்கக் கிடைக்கிறது. தம்பி, எம்.எஸ். அம்மா முகத்தில் வெளிச்சம் எங்கேயிருந்து விழுகிறது என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள்.