சுவரில் தொங்கிய பையன்

(ஒரு கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. நான் ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றிப் பேசப் போகிறேன். கடை அமெரிக்காவில். அதன் சுவரில் இருந்த பையன் மட்டும் நம்ம பக்கத்துப் பையன்.

1898இல் ஹெலன் பானர்மேன் என்ற ஸ்காட்லாந்துப் பெண், இங்கே வெள்ளை அரசாங்கத்தில் மருத்துவ அதிகாரியாக இருந்தவரின் மனைவி, தன் மகள்களைக் கொடைக்கானல் குளிரில் விட்டுவிட்டு ரயிலில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்காக வழியில் ஒரு கதை எழுதினார். படமும் அவரே வரைந்தார். பெயர் 'குட்டிக் கருப்பு சாம்போ'. காட்டுக்குள் போகிற பையனிடம் புலிகள் சட்டை, செருப்பு, குடை எல்லாத்தையும் பிடுங்கிக்கொள்கின்றன. பிறகு தங்களுக்குள் சண்டை போட்டு, மரத்தைச் சுற்றி ஓடி, உருகி நெய்யாகிவிடுகின்றன. அந்த நெய்யில் அம்மா பணியாரம் மாதிரி சுட்டுக் கொடுக்க, பையன் 169 சாப்பிடுகிறான். 1899இல் லண்டனில் புத்தகமாக வந்தது. உரிமை ஐந்து பவுனுக்கு விற்கப்பட்டது.

கதையில் பையன் கெட்டிக்காரன்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'சாம்போ' என்பது அதற்கு முன்பே கருப்பு மக்களைக் கேவலமாகக் கூப்பிட்ட பெயர். படத்தில் தடித்த உதடும் பிதுங்கிய கண்ணும். புலி இருக்கு, நெய் இருக்கு, மூஞ்சி மட்டும் வெள்ளைக்காரன் தன் மேடையில் கரி பூசிக்கொண்டு ஆடிய மூஞ்சி. கோட்டைக்கு வெளியே நம்மாட்கள் குடியிருந்த இடத்துக்குக் 'கருப்பர் நகரம்' என்று பேர் வைத்த பட்டணம் இது. அந்தக் கண்ணுக்கு ஆப்பிரிக்கரும் ஒண்ணு, நாமும் ஒண்ணு.

அமெரிக்காவில் பலர் இந்தக் கதையை இஷ்டத்துக்கு அச்சடித்தார்கள். பையனைத் தென் மாநிலத் தோட்டத்து அடிமைப் பிள்ளை மாதிரி வரைந்தார்கள். கருப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1932இலேயே இந்தப் புத்தகத்தைக் கண்டித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1957இல் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில், கடற்கரையோரமாக 'சாம்போஸ்' என்ற கடை திறந்தது. முதலாளிகள் இரண்டு பேர், சாம் பாட்டிஸ்டோன், நியூவல் போனெட். எங்க ரெண்டு பேர் பேரிலிருந்தும் எழுத்தெடுத்துச் சேர்த்தோம், அவ்வளவுதான் என்றார்கள். சரி, எழுத்து உங்களுடையது. சுவரில் பையனும் புலியும் எப்படி வந்தார்கள்? கதையைக் காட்சி காட்சியாக வரைந்து மாட்டியது யார்? பேர் தற்செயல் என்றால் படமும் தற்செயலா?

அதே 1957இல்தான் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். ஒரு சொல்தானே என்று இங்கேயும் கேட்டார்கள். (சொல் அழிந்த பிறகும் ஊர் டீக்கடையில் நமக்குத் தனிக்குவளை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பேச இன்னொரு கூட்டம் வேணும்.)

சாம்போஸ் ஊர் ஊராகப் பரவியது. 1979 வாக்கில் 47 மாநிலங்களில் 1,117 கடைகள். அது பரவிய காலத்தைக் கவனியுங்க. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவில் நான்கு கருப்பின மாணவர்கள் வெள்ளையருக்கான சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தார்கள். 1964இல் சட்டம் வந்தது. கருப்பருக்கு இடமில்லை என்று பலகை மாட்ட முடியாது. அதுக்கப்புறம் பலகை செய்த வேலையைப் படம் செய்தது என்று நான் சொல்வேன். உள்ளே வா, காசு கொடு, உட்காரு, உன் பிள்ளை சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிர்ச் சுவரில் அவனைக் கேலி செய்கிற மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிரு. புத்தகம் பிடிக்கலேன்னா மூடி வைக்கலாம். சுவரை எங்கே மூடுவது?

கண்டனம் வந்தபோதெல்லாம் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். 1960களிலேயே சுவரில் இருந்த பையன் வெளுத்துப் போனான். தலைப்பாகை கட்டி, நகை பதித்து, சிவந்த தோலோடு ஓர் இந்திய ராஜகுமாரன் ஆக்கிவிட்டார்கள். இழிவை எடுக்கச் சொன்னால் ஆளையே எடுத்துவிட்டார்கள். இது பழைய வித்தை. இதற்கு முன்பு 'கூன் சிக்கன் இன்' என்று ஒரு கடை இருந்தது. 'கூன்' என்பதும் வசவுதான். வாசலே ஒரு பெரிய கருப்பனின் தலை, வாயைத் திறந்து இளித்துக்கொண்டிருக்கும், அந்த வாய்க்குள் நுழைந்துதான் சாப்பிடப் போகணும். 1930இல் சியாட்டிலில் திறந்தபோது கருப்பின மக்களின் சங்கமும் அவர்களின் பத்திரிகையும் வழக்குப் போடுவோம் என்று நின்றார்கள். முதலாளி கருப்புத் தலைக்கு நீலச் சாயம் அடித்துத் தப்பினார். நமக்கு நீலம் என்றால் வேறு அர்த்தம், அவருக்குத் தெரியாது பாவம்.

1970களின் கடைசியில் சாம்போஸுக்கு எதிராக வடகிழக்கு ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியது. சில இடங்களில் 'ஜாலி டைகர்' என்று பேர் மாற்றினார்கள். மிச்சிகனில் ஆன் ஆர்பர் நகராட்சி, பழைய பேரில் பலகை மாட்ட அனுமதியை ரத்து செய்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பேர் வைப்பது பேச்சுரிமையாம். பேச்சுரிமை வேண்டும் என்று கத்துகிற ஆள் நான், கவிதை எழுதுகிறவன் வேறு. ஆனால் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

அதே 1981இல் கம்பெனி திவால். போராட்டம்தான் சாய்த்தது என்று மேடையில் சொன்னால் கைதட்டுவீங்க. நான் பேங்குக்காரன், பேரேட்டைப் பார்க்காமல் பேச வராது. கடை மேனேஜர்களுக்கு லாபத்தில் பங்கு கொடுக்கும் திட்டத்தில்தான் அந்தக் கம்பெனி வளர்ந்தது. அதன் கணக்கு முறையைப் பங்குச் சந்தை ஆணையம் ஏற்கவில்லை. திட்டம் குலைந்தது, மேனேஜர்கள் போனார்கள், நட்டம் ஏறியது. பேர்மேல் வந்த எதிர்ப்பு சுமையைக் கூட்டியது, அவ்வளவுதான். அவமானம் ஒரு கம்பெனியைத் தானாகச் சாய்த்துவிடாது. லாபம் வருகிறவரை சுவர் அப்படியே இருக்கும்.

அதற்குச் சாட்சி அந்த முதல் கடையே. ஆயிரத்துச் சொச்சம் கடைகள் போன பிறகும் சான்டா பார்பராவில் மட்டும் அதே பேரோடு நடந்தது. எங்க குழந்தைப் பருவ ஞாபகம், ஊருக்கு அடையாளம் என்று வாடிக்கைக்காரர்கள் பாசமாகப் பேசினார்கள். யாருடைய குழந்தைப் பருவம்?

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கழுத்தில் முழங்கால் வைத்துக் கொன்றது. அமெரிக்கத் தெருக்கள் நிறைந்தன. சான்டா பார்பராவிலும் பேரை மாற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். ஜூனில் பலகையில் இருந்த பேரை மறைத்து, சமாதானச் சின்னம் ஒன்றையும் 'அன்பு' என்ற சொல்லையும் வைத்தார்கள். ஜூலையில் நிறுவனரின் பேரனான முதலாளி தன் சொந்தப் பேரையே வைத்தார், 'சாட்ஸ்' என்று. 63 வருஷமாக முடியாது என்று சொன்ன வேலை, தெருவில் ஆள் நின்ற சில வாரங்களில் முடிந்தது.