முதல் ஆசி யாருக்கு?

(வானொலியில் வழங்கிய நற்சிந்தனை)



திருவிவிலியத்தில் கடவுள் முதன்முதலாக ஆசி வழங்கியது யாருக்கு? மறைக்கல்வி வகுப்பில் கேட்டால், "ஆதாமுக்கு" என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். தொடக்கநூல் முதல் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஐந்தாம் நாளில், மனிதன் உருவாகும் முன்பே, கடல்வாழ் உயிர்களுக்கும் பறவைகளுக்கும் ஆண்டவர் ஆசி வழங்கிவிட்டார். நமக்குக் கிடைத்தது அதற்கு அடுத்த நாள்தான்.

காலாண்டு விடுமுறையில் எங்கள் பங்கு இளையோருடன், பாம்பனை அடுத்த குந்துகாலில் வனத்துறைப் படகேறி, குருசடைத் தீவுக்குப் போய்வந்தேன். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே வரிசையாக உள்ள 21 தீவுகளில் அதுவும் ஒன்று. 1986 இல் அரசு இப்பகுதியைக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. ஆலாப் பறவைகள் நீரில் பாய்ந்து மீன் பிடிப்பதைக் கண்டோம். ஆழமில்லாத நீரில் நட்சத்திர மீனும் கடல் அட்டையும் கிடந்தன. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடல்பசு மட்டும் கண்ணில் படவில்லை.

அந்த 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன என்றார் வழிகாட்டி. கடுகளவு உயிர்கள் கூடிக் கட்டிய பவளப்பாறைதான் தீவுகளுக்கு மதில். சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் அதைப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். மதில் போனபின் அலை மண்ணைக் கொண்டுபோய்விட்டது.

திரும்பும் வழியில், பட்டாசு ஆலையில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டான்: "சாமி, மீனுக்கும் பறவைக்கும் இத்தனை காவல். காற்று கெடுகிறது என்று பட்டாசுக்குக் கட்டுப்பாடு. எங்கள் பிழைப்புக்கு யார் காவல்?"

நியாயமான கேள்வி. பவளப்பாறையை வெட்டியவர்களும் கூலிக்காரர்கள்தான். பாறை அழிந்தால் மீன் குஞ்சு பொரிக்க இடமில்லை; முதலில் வெறுமையாவது ஏழையின் வலை. நம் பக்கத்திலும் மருந்துத் தூசியை முதலில் சுவாசிப்பவர் தொழிலாளிதான்; வெடித்து மகிழ்பவர் அல்ல.

2022 இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை ஆவுளியாவுக்குப் பாதுகாப்பிடமாக அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை மீண்டும் கடலில் விடும் மீனவருக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது. உயிரும் பிழைக்கிறது, வலைக்காரரின் நட்டத்துக்கும் மதிப்பு கிடைக்கிறது. இதுதான் முறை. மாற்று வழி காட்டாமல் தடை மட்டும் போடுவது அநீதி. கூலி கிடைக்கிறதே என்று காற்றையும் நம் நெஞ்சையும் கெடுத்துக்கொள்வதும் அநீதி. பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்தே கேளுங்கள் என்றுதான் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில் நம்மை அழைத்தார்.

இன்றிரவு குடும்ப செபத்தில் தொடக்கநூல் முதல் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஐந்தாம் நாளின் ஆசி வரும்போது சற்று நிறுத்தி, கடலோரச் சகோதரர்களுக்காகவும் நம் ஆலைத் தொழிலாளர்களுக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.