பெட்டகம் வரும் முன்னே

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



விலையில்லாப் பாடநூல்கள், விளையாட்டுப் பொருள்கள், உடைந்த மேசைகள் ஆகியவற்றை வைக்க இடமில்லாமல் வகுப்பறை ஒன்றையே பூட்டிவைக்கும் நிலை பல பள்ளிகளில் உண்டு. கப்பலில் ஓடிக் கழிந்த கன்டெய்னர் ஒன்றை யாரேனும் நன்கொடையாகத் தர முன்வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் லாரி வாசலுக்கு வரும் முன்பே அடித்தளமும் அனுமதியும் தயாராக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் அடித்தளம். 20 அடிப் பெட்டகத்தின் வெற்று எடை ஏறத்தாழ 2.2 டன். பொருள்களோடு 8 டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை நான்கு மூலைகளில் உள்ள இரும்பு வார்ப்புகள் வழியாகவே தரையில் இறங்குகிறது. எடை சமமாகப் பரவியிருந்தால் மூலைக்கு 2 டன். வார்ப்பின் அடிப்பரப்பு ஏறத்தாழ 290 சதுர செ.மீ. ஆக, ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 7 கிலோ. மூலைக்கு அடியில் 60 செ.மீ. சதுரக் கான்கிரீட் மேடை போட்டால், அது 0.6 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். எட்டாம் வகுப்பில் நாம் நடத்தும் அழுத்தம் பாடம்தான் இது. மாணவர்களையே கணக்கிடச் சொல்லலாம்.

மேடையின் ஆழத்தைப் பொறியாளர் மண்ணைப் பார்த்துச் சொல்லட்டும். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஒரு மூலை சற்று இறங்கினாலும் சட்டம் கோணிக் கதவு சிக்கிக்கொள்ளும். மேடையால் தரைக்கும் பெட்டகத்துக்கும் இடையே காற்றோட்டம் கிடைப்பதால் துருவும் குறையும்.

அடுத்து அனுமதி. "தூக்கி வைக்கிற பெட்டிதானே, இதற்கு எதற்கு அனுமதி?" என்று கேட்பார்கள். அதற்கான பதிலை உள்ளாட்சி அமைப்பிடமிருந்து எழுத்தில் பெறுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், நில உரிமையாளரின் ஒப்புதல், இடத்தைக் குறித்த வரைபடம் மூன்றும் கோப்பில் இருக்கட்டும். தீயணைப்பு வண்டி வரும் வழியையும் வகுப்பறை வாசலையும் பெட்டகம் மறைக்கக் கூடாது. 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்த மாநிலம் நம்முடையது.

இறுதியாகக் கதவு. கன்டெய்னர் கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டுமே இருக்கும். உள்ளே சிக்கிய பிள்ளையால் திறக்க முடியாது. வெயிலில் இரும்புச் சுவர் கொதிக்கும். எனவே பொருள் எடுத்துவர மாணவர்களை அனுப்பாதீர்கள். சாவி ஓர் ஆசிரியரிடமே இருக்கட்டும். உள்ளே சென்று பார்த்த பிறகே பூட்டுங்கள். இடநெருக்கடி எவ்வளவு இருந்தாலும் அதில் வகுப்பு நடத்த வேண்டாம்.