தீப்புண்ணும் உடலின் காவற்படையும்



தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறுவோர் அடுத்த நிலையத்தின் பெயரை நாள்தோறும் காண்கின்றனர். அது தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை அப்பெயரைத் தந்தது. பிற்காலத்தில் ஹெச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் அதுவே பெரும் புகலிடமாயிற்று. எதிர்ப்பாற்றல் குன்றிய உடல் படும் பாட்டை இவ்வட்டாரத்து மக்கள் அருகிருந்து கண்டவர்கள். கிருமி ஏதும் புகுமுன்பே, சில நொடி நெருப்பும் அவ்வாற்றலைக் குலைக்க வல்லது என்பதோ பலரும் அறியாத செய்தி.

தோல் உடலின் மதில். அது வேகும்போது சிதைந்த அணுக்களின் உட்பொருள்கள் வெளியே சிந்துகின்றன. காவல் அணுக்கள் அவற்றை அபாய அறிவிப்பாகக் கொள்கின்றன. சில மணி நேரத்திற்குள் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. அவற்றைத் தொடர்ந்து மேக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கணுக்கள் வருகின்றன. இவை சைட்டோகைன் என்னும் செய்திப் பொருள்களைச் சுரந்து மேலும் படை திரட்டுகின்றன. சிவப்பும் வீக்கமும் வெம்மையும் இப்போரின் அடையாளங்களே. சிறு புண்ணாயின் அழற்சி தன் பணியை முடித்துத் தானே தணிந்துவிடும்.

புண் பெரிதாகும்போது நிலைமை மாறுகிறது. ஒருவருடைய விரல்கள் சேர்ந்த உள்ளங்கைப் பரப்பு, அவர் உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அவ்வாறு 20 உள்ளங்கை அளவைக் கடந்தால் அழற்சி உடல் முழுவதும் பரவக்கூடும். நுண்குழாய்கள் கசிகின்றன, குருதியின் நீர் வெளியேறுகிறது. தீ தீண்டாத சிறுநீரகமும் நுரையீரலும் தளர்வது இதனாலேயே. 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 விழுக்காடு வெந்தால், முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7,200 மில்லி லிட்டர் நீர்மம் நரம்பு வழியே தேவைப்படும் என்பது மருத்துவர்கள் கையாளும் கணக்கு. அதிற் பாதி முதல் 8 மணி நேரத்திற்கு உரியது. அந்த 8 மணி, மருத்துவமனையை அடைந்த நேரத்திலிருந்து அன்று, தீப்பட்ட நேரத்திலிருந்தே எண்ணப்படுகிறது. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் கழியும் நேரமும் அதனுள் அடங்கும்.

இதன்பின் நேர்வது இன்னும் கொடிது. ஓயாது போரிட்ட படை தடுமாறுகிறது. நியூட்ரோபில்கள் கிருமியிருக்கும் திசை நோக்கிச் செல்லும் திறனை இழக்கின்றன. டி அணுக்கள் எண்ணிக்கையிலும் செயலிலும் குன்றுகின்றன. அழற்சி ஒருபுறம் நீடிக்க, எதிர்ப்பாற்றல் மறுபுறம் சரிகிறது. மதிலும் இல்லை, காவலும் மயங்கிற்று. முதற் சில நாள்களைக் கடந்து, உற்றாரோடு பேசிக்கொண்டிருந்தவரும் பின்னர்க் குருதியில் தொற்று ஏறி உயிர்விடுவதன் காரணம் இதுவே. நோயாளியைச் சூழ்ந்து நின்று பார்க்க விரும்பும் சுற்றத்தாரை மருத்துவர் தடுப்பது கடுமையினால் அன்று.

எதிர்ப்பாற்றல் அறிவியலே தீப்புண்ணுக்குக் கடன்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பீட்டர் மெடவர் என்னும் அறிஞர், பிறர் தோலை ஒட்டினால் அது ஏன் உதிர்கிறது என ஆராய்ந்தார். இரண்டாம் முறை ஒட்டிய தோல் முன்னதினும் விரைவில் உதிர்வதைக் கிளாஸ்கோ நகரில் தீப்புண்பட்ட பெண் ஒருவரிடம் கிப்சன் என்னும் மருத்துவருடன் கண்டு, 1943-இல் வெளியிட்டார். உடல் அயலானை நினைவிற்கொள்கிறது என்னும் உண்மை அதனால் வலுப்பெற்றது. 1960-இல் மெடவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

எனினும் அயலார் தோல் வீணன்று. பெருந்தீப்புண் பட்டவரின் எதிர்ப்பாற்றல் குன்றியிருப்பதால், ஒட்டிய தோல் வழக்கத்தினும் நெடிது தங்குகிறது. அச்சில வாரங்கள் அது மதிலாக நின்று நீரிழப்பையும் தொற்றையும் தடுக்கிறது. கேடாக வந்த குறையே இவ்விடத்தில் உதவியும் ஆகிறது.

அத்தோல் இறந்தோர் உடலிலிருந்து பெறப்படுவது. இறந்த 6 மணி நேரத்திற்குள் தொடையிலும் காலிலும் முதுகிலும் மெல்லிய மேற்படலம் மட்டும் எடுக்கப்படும். இரத்த வகைப் பொருத்தம் வேண்டா. உடல் உருக்குலையாது; இறுதிச் சடங்கும் தடைப்படாது. கண் தானத்தைத் தம் அறமாகக் கொண்ட குடும்பங்கள் தோல் தானத்தையும் அதனோடு சேர்த்து எண்ணலாம்.

தீப்பட்ட உடனே செய்யத்தக்கவை எளியவை. ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுக. வீக்கம் ஏறுமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுக. பனிக்கட்டி, பற்பசை, மை, தோசை மாவு ஆகியவற்றைத் தீண்டற்க. தூய துணியால் மூடி 108-ஐ அழைக்க. பெருங்காயங்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனிப் பிரிவே உண்டு.

விளக்கேற்றும் திருநாளில் தாவணியும் சேலைத் தலைப்பும் சுடரைத் தீண்டாமல் காத்தல் முதற்கடமை. காவல் தவறியவிடத்து அயலார் ஒருவரின் தோல் ஓர் உயிரைக் காக்கும். அதற்கு ஒப்புதல் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார். அவர்களிடம் இன்றே பேசி வைத்தல் நன்று.