பின்சென்றவல்லி காட்டிய வழி

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, கொதிகலன், வெல்டிங், தரக்கட்டுப்பாடு என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். அதைத்தான் வாரத்துக்கு ஆறு நாள் பேசிக்கிட்டிருக்கோமே! இன்றைக்கு நம் ஊர்க் கதைகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "இன்ஜினியருக்குக் கதை எதுக்குப்பா?" என்று நீங்கள் கேட்கலாம். யார் தலைமை தாங்கலாம், யார் பின்னால் நிற்க வேண்டும் என்பதை நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. கேட்ட கதைகளிலிருந்துதான் கற்றுக்கொண்டோம். ஆகவே கதை நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

முதலில் ராணி மங்கம்மாள். மலைக்கோட்டைப் பக்கம் அவர் பெயரால் வழங்கும் மண்டபத்தில்தான் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1689இல் மகன் இறந்தபின், கைக்குழந்தையான பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்று, சுமார் 15 ஆண்டுகள் திருச்சியிலிருந்து அரசை நடத்தியவர். முகலாயருக்குத் திறை கொடுத்து நாட்டைக் காத்தார்; சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். இதற்கு மக்கள் சொல்லும் காரணம் என்ன தெரியுமா? ஒருநாள் மறதியாக இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்டாராம். அந்தப் பாவம் தீரத்தான் இத்தனை தர்மமும் செய்தாராம்!

நண்பர்களே, நம்மில் பலர் சாலைப் பணி பார்த்தவர்கள். ஒரு சாலை போட வேண்டுமானால் தடம் பார்க்க வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், நீருக்குக் கிணறு, நிழலுக்கு மரம், பராமரிக்க ஆள் எல்லாம் வேண்டும். இது பல ஆண்டு நிர்வாகம். ஓர் அரசன் செய்திருந்தால் "தொலைநோக்கு" என்போம். அரசி செய்ததால் "பிராயச்சித்தம்" ஆகிவிட்டது. வேலை மாறவில்லை, அதைச் சொன்ன விதம்தான் மாறியது.

அடுத்து, காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம். கீழைச் சித்திரை வீதியிலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோபுரம் தெரியும். 14ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்தவர்கள் கோயிலை ஆக்கிரமித்திருந்தபோது, வெள்ளையம்மாள் என்ற தேவதாசி அந்தப் படைத்தலைவனைக் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துப்போய்க் கீழே தள்ளிவிட்டு, தானும் குதித்து உயிர்விட்டாள் என்று சொல்வார்கள். அவள் நினைவாகவே அதற்கு வெள்ளை அடிக்கிறார்கள் என்பது ஊர் வழக்கு. உடல் சிலிர்க்கும் கதை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பெண் தலைமை ஏற்றுச் செயல்பட்டால், அவள் சாக வேண்டும்; அப்போதுதான் கதை அவளைக் கும்பிடுகிறது.

இதற்கு மாறாக ஒரு கதை உண்டு. 'கோயிலொழுகு' என்னும் திருக்கோயில் வரலாற்று நூல் அதைச் சொல்கிறது. வடக்கிலிருந்து வந்த படை உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு போனபோது, கரம்பனூரைச் சேர்ந்த ஒரு பெண், பெருமாளைச் சேவிக்காமல் உண்பதில்லை என்ற விரதம் பூண்டவள், தன்னந்தனியாகப் படையின் பின்னாலேயே டில்லி வரை சென்றாளாம். கரம்பனூர் எங்கோ இல்லை, இன்றைய உத்தமர்கோயில்தான். டில்லி அரண்மனைக்குள் நுழைந்து, விக்கிரகம் சுல்தானின் மகளிடம் இருப்பதைக் கண்டுகொண்டு, திரும்பி வந்து கோயிலாரிடம் தகவல் சொன்னாள். பிறகு அறுபது பேர் அவளோடு புறப்பட்டார்கள். சுல்தான் முன் ஜக்கிணி என்னும் நடனம் ஆடிக் காட்டி மகிழ்வித்து, பெருமாளைத் திரும்பப் பெற்றார்கள். பிரிவைத் தாங்காமல் பின்தொடர்ந்து வந்த சுல்தானின் மகளே துலுக்க நாச்சியார். அவளுக்காக இன்றும் கோயிலில் ரொட்டி அமுது செய்யப்படுகிறது.

அந்தக் கரம்பனூர்ப் பெண்ணின் சொந்தப் பெயரைக் கதை சொல்லவில்லை. பின்னால் போனதால் 'பின்சென்றவல்லி' என்று பெயர் வைத்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், அறுபது ஆண்களுக்கும் வழி தெரிந்தது யாரால்? இலக்கைக் கண்டுபிடித்து, தகவல் கொண்டுவந்து, ஆள் சேர்த்து, வழி நடத்தியவளுக்கு 'பின்சென்றவள்' என்று பட்டம்! எனக்கு இந்தக் கதையைச் சொன்ன அம்மாச்சி ஒவ்வொரு தடவையும் ஓரிடத்தில் நிறுத்துவார்: "ஏன்டா, பெருமாளைப் பாக்காம சாப்பிடமாட்டேன்னவ, டில்லி வரைக்கும் என்னத்தைத் தின்னுருப்பா?" எந்த உபந்நியாசத்திலும் நான் கேட்காத கேள்வி அது. அடுப்படியில் நிற்கிறவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

இதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் கதைகளில் பெண்கள் இருக்கிறார்கள். மேடையில், சபையில் கதை சொன்னவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வைகுண்ட ஏகாதசி நாட்களில் நாம் கண்டு மகிழும் அரையர் சேவை, பரம்பரையாக ஆண்கள் செய்துவரும் கைங்கரியம். அதில் 'முத்துக்குறி' என்று ஓர் அங்கம் உண்டு. தலைவி, தாய், குறி சொல்லும் கட்டுவிச்சி ஆகிய மூன்று பெண்களாகவும் ஒரே அரையர் நின்று அபிநயிப்பார். அற்புதமான கலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மணப்பாறைப் பக்கம் வீரப்பூருக்குப் போனால், மாசித் திருவிழாவில் அண்ணன்மார் கதை. உடுக்கையடித்துப் பாடியவர்களும் ஆண்களே. வரப்போகும் ஆபத்தைக் கனவில் முன்கூட்டியே காண்பவள் தங்கை அருக்காணித் தங்காள். அண்ணன்மார் விழுந்தபின் காட்டில் தேடிக் கண்டுபிடித்துச் சற்றுநேரம் உயிர்ப்பித்து எழுப்புபவளும் அவளே. கதைக்குப் பெயரோ 'பொன்னர் சங்கர்'!

இது நமக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. நியூசிலாந்தின் மாவோரி மக்களைப் பாருங்கள். அவர்கள் சபை கூடும் முற்றத்துக்கு 'மராயே' என்று பெயர். விருந்தினரை வரவேற்று ஒலிக்கும் முதல் குரல் பெண்ணுடையது. அதன்பின் எழுந்து உரையாற்றும் உரிமை பெரும்பாலான குலங்களில் ஆணுக்கே. அவர்களுக்கு பைக்கேயா என்ற முன்னோரின் கதை உண்டு. கடலில் திமிங்கிலத்தின் மேலேறி வந்தவர். அந்த மரபை எடுத்து, அதே இனத்து எழுத்தாளர் விட்டி இஹிமேரா 1987இல் ஒரு நாவல் எழுதினார். ஆண் வாரிசையே எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு குலத் தலைவர். அவர் கண்ணில் படாத ஒரு சிறுமி. கடைசியில் திமிங்கிலத்தின் மேலேறுபவள் அவள்தான், உயிரோடு திரும்பியும் வருகிறாள். 2002இல் அது திரைப்படமாகி உலகெங்கும் ஓடியது.

கதை மாறியதால் மரபு அழிந்துவிட்டதா? இல்லை. மாவோரி மக்களுக்கு 1966 முதல் 2006 வரை ஓர் அரசி இருந்தார். 2024 செப்டம்பரில் அவருடைய பேத்தி, தந்தை மறைந்த பின், 27 வயதில் அரசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பழைய சடங்குகள் ஒன்றும் விடுபடாமல்தான் அந்தப் பட்டமேற்பு நடந்தது.

ஆகவே மரபைக் கைவிடச் சொல்லி நான் வரவில்லை. ராஜகோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல நூற்றாண்டுகள் குறையாக நின்ற அது, 1987இல்தான் 236 அடிக்கு உயர்ந்து முடிந்தது. கீழே இருந்த பழைய கல்லைப் பெயர்த்துவிட்டா கட்டினார்கள்? அதன்மேல்தானே எழுப்பினார்கள்! கதையிலும் அப்படிச் செய்யலாம்.

என்ன செய்யலாம் என்று இரண்டு யோசனைகள் வைக்கிறேன். ஒன்று, மாணவ மாணவியருக்கு. இந்த விடுமுறையில் உங்கள் பாட்டி, அப்பாயி, அம்மாச்சி சொல்லும் கதைகளைச் செல்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர்கள் எங்கே நிறுத்துகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். திருத்தாதீங்க, அப்படியே விடுங்க. அந்தக் குரல்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டா.

இரண்டு, நம் சங்கத்துக்கு. இந்த மலரில் 'எங்கள் காலத்தில்' என்ற பகுதிக்கு வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஆண்கள் விடுதியைச் சுற்றியே வருகின்றன. நம்மோடு படித்த பெண்கள் இன்று தொழிற்சாலைத் தளத்தில் ஷிப்ட் பார்க்கிறார்கள், திட்டங்களை நடத்துகிறார்கள், பாலம் கட்டுகிறார்கள். அவர்களைப் பற்றி நாம் எழுதினால் "குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு" என்ற சொற்றொடர் இல்லாமல் ஒரு பத்தி முடிவதில்லை. அடுத்த மலரில் அவர்களே எழுதட்டும். பாதிப் பக்கங்களை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அதைத் தொகுக்கும் பொறுப்பும் அவர்களிடமே இருக்கட்டும்.