மாநகரமும் முறைகாரர்களும்



  1928-இல் நகராட்சியான காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்தபோது, கோட்டையூரும் கண்டனூரும் அரியக்குடியும் இலுப்பைக்குடியும் அதன் எல்லைக்குள் வந்து சேர்ந்தன. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்று நிற்கும் ஊர் இலுப்பைக்குடி என்பதைத் தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நேற்றுவரை சிற்றூர் மன்றங்களின் பார்வையில் இருந்த ஊருணிகளும் குளக்கரைகளும் இன்று ஒரு மாநகரத்தின் பரிபாலனத்துக்குள் வந்திருக்கையில், அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த மக்களுக்கு அந்தப் பரிபாலனத்தில் ஸ்தானம் என்ன என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இக்கேள்விக்குத் தொலைதூர நாடொன்று துணிந்து விடை கண்டிருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து, எரிமலைக் குன்றுகளின் நடுவே எழுந்த நகரம். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் முன்னோராகவே போற்றும் அக்குன்றுகளுள் சிலவற்றைக் குடியேறியோர் கல்லுக்காக உடைத்தார்கள். சிலவற்றின்மேல் நீர்த்தேக்கங்களைக் கட்டினார்கள். 2014-இல் நிறைவேறிய சட்டமொன்று 14 குன்றுகளின் பாத்தியதையை 13 மாவோரிக் குலங்களின் கூட்டுக்குத் திருப்பியளித்தது. அவை அக்குலங்களுக்கும் ஆக்லாந்தின் ஏனைய மக்களுக்கும் பொதுநன்மைக்கென்றே இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் விதித்தது. குலங்களின் சார்பில் அறுவரும் நகர சபையின் சார்பில் அறுவரும் சரிசமமாக அமர்ந்து நிர்வகிக்கும் சபையில் அரசின் பிரதிநிதிக்கு இருக்கை உண்டு, வாக்கு இல்லை. அச்சபை பல குன்றுகளின் உச்சிக்கு மோட்டார் வண்டிகள் ஏறுவதை நிறுத்தியது. அயல்நாட்டு மரங்களை வெட்ட முற்பட்டபோது நகரவாசிகள் எதிர்த்தனர். வழக்கும் நடந்து, தீர்ப்பு சபைக்கு எதிராகவே முடிந்தது. அவ்வளவுக்குப் பிறகும் சபை கலையவில்லை, சமத்துவமும் குலையவில்லை என்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த ஏற்பாட்டை அப்படியே நம் மண்ணுக்குப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட முடியாது. நகரத்தார், தங்கள் மரபு கூறுகிறபடியே, காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள். இம்மண்ணின் புராதன உரிமையைத் தமக்கு மட்டுமே உரியதென்று எந்த ஒரு வகுப்பாரும் இங்கே கோர இயலாது. ஆனால் நம்மிடம் வேறொன்று இருந்தது, இன்னும் இருக்கிறது. உரிமையும் கடமையும் ஒன்றாய்ச் சேர்ந்த அதற்கு முறை என்று பெயர். நகரத்தார் வீட்டுத் திருமணத்துக்கு நகரக் கோயிலிலிருந்து மாலை வந்து சேர்ந்து, தம்பதியர் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறி, அதன்பின் இரங்கூனில் கடை வைத்திருந்தாலும் பினாங்கில் வட்டித் தொழில் நடத்தினாலும் அந்தப் புள்ளிக்குரிய வரியைத் தவறாது செலுத்திவந்த ஏற்பாடு எத்தகைய சட்டத்துக்கும் குறைந்ததன்று. புரவியெடுப்புத் திருவிழாவுக்கு நாள் குறித்ததும் ஊரார் குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுப்பதும், அம்மண்ணைக் கைநீட்டிப் பெற்ற பின்னரே அவர் ஐயனாருக்குக் குதிரை வனையத் தொடங்குவதும், அந்தக் குதிரையை நாட்டார் தோளில் சுமந்து கோயிற்காட்டுக்குக் கொண்டுசேர்ப்பதும் அத்தகைய ஏற்பாடுகளே. இன்று அரசாங்கப் பதிவேட்டில் ஊருணி புறம்போக்கு, கோயிற்காடு புறம்போக்கு; பிடிமண் வாங்கும் கைக்கு அப்பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை.

முறையைப் புகழ்ந்துவிட்டு அதன் களங்கத்தை மறைப்பது அறிஞர் அவைக்கு அடாது. தேவகோட்டையை அடுத்த கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமை ஆதிதிராவிட மக்களுக்கும் உண்டா என்ற தகராறு நீதிமன்றம் வரை சென்றது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற அத்தேர் 2024-இல்தான் மீண்டும் ஓடியது. அங்குள்ள நான்கு நாட்டாரின் முறை என்ற புராதன ஏற்பாடு எவ்வளவு மாட்சியுடையதாயினும், வடத்தைத் தொட ஒரு பகுதியாருக்கு உரிமை மறுப்பதற்கு அது சாக்காக நின்ற நாட்களை நாம் மன்னிக்கலாகாது. ஆகவே ஆக்லாந்தில் உள்ளது போன்ற கூட்டு நிர்வாகம் இங்கும் அமையுமாயின், அதில் இருக்கைகளைப் பழைய மரியாதை வரிசைப்படி பங்கிட நான் ஒருபோதும் சம்மதியேன். ஊருணியின் சேற்றை வாரியவனும், அதன் கரையில் குடியிருந்துகொண்டே நீர் எடுக்க இடம்பெறாதவனும் அந்தச் சபையில் முதலில் அமர வேண்டியவர்கள். நன்கொடை கொடுத்தவர் அவர்களுக்குப் பின்னே அமரட்டும்.

ஊருணியையும் கோயிற்காட்டையும்விட நகரத்தார் வீடுகளின் நிலை இன்னும் சிக்கலானது. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. ஆயினும் ஒரு வளவு வீட்டுக்குப் பங்காளிகள் பலர், அவர்களுள் ஒருவர் சென்னையில், மற்றொருவர் கோலாலம்பூரில் என்றிருக்க, கூரை ஒழுகும்போது யார் ஓடு மாற்றுவது என்று தீர்மானிப்பதற்குள் பட்டாலைத் தூண்கள் விலைபோய்விடுகின்றன. பர்மாத் தேக்கில் கடைந்த அத்தகைய தூண்களையும் கதவுகளையும் இந்நகரத்து முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நாம் காண்கிறோம். வீட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அரசு அறிவிப்பதால் மட்டும் இது நிற்காது. அறிவிப்பைக் கண்டு அஞ்சி அதற்கு முன்பே விற்பவரும் உண்டு. பங்காளிகளோடு மாநகராட்சி எழுத்துமூலம் உடன்படிக்கை செய்துகொண்டு, மராமத்துச் செலவில் ஒரு பங்கையும் சொத்துவரியில் ஒரு சலுகையையும் தானே ஏற்பதாயின், பங்காளிகளும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்க முன்வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். சுண்ணாம்புச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனாருக்கும் ஆத்தங்குடிக் கல் வார்க்கும் தொழிலாளிக்கும் அதனால் ஆண்டு முழுதும் வேலை உண்டாகும்.

இனி என் விண்ணப்பம். கட்டுரைகளைப் படித்துக் கலைவதோடு இக்கருத்தரங்கு முடிந்துவிடலாகாது. மாநகர எல்லைக்குள் உள்ள ஒவ்வோர் ஊருணிக்கும், கோயிற்காட்டுக்கும் இன்று முறை உடையவர் யார், முறை மறுக்கப்பட்டவர் யார் என்ற இரண்டு விவரங்களையும் அருகருகே எழுதிய ஒரு பதிவேட்டை நாம் தயாரிக்க வேண்டும். இரண்டாவது விவரத்தை எழுத மறுக்கும் ஊரை நாம் விட்டுவிடாமல் மறுபடியும் சென்று கேட்க வேண்டும். அப்பதிவேட்டை மாநகராட்சி மன்றத்தின் முன் வைத்து, சரிபாதி இருக்கையுடன் கூடிய நிர்வாக சபை ஒன்றைக் கேட்போம். முதல் ஊராக இலுப்பைக்குடியை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. வேறு ஊர் தகுதியென்று அவையோர் கருதின் மாலை அமர்வில் தீர்மானிக்கலாம். முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.